லாபிர் பாஸின் பத்து விரல்களும் ஒரு தழும்பும்

மேடையில் வீற்றிருக்கும் மரவேலைச் சங்கத் தலைவர் ஹென்றி பாஸ் அவர்களே! கம்பளையிலிருந்தும் தெல்தெனியவிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் தொழில் தோழர்களே! கதிரைகளில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அச்சமின்றிச் சாய்ந்துகொள்ளுங்கள். அவை எங்கள் லாபிர் பாஸ் செய்த கதிரைகள். பூமி பிளந்தாலும் ஒரு கால் ஆடாது!

யார் இந்த லாபிர் பாஸ்? கண்டியின் கதவுகளில் பாதி அவர் கை பட்டவை. மீதிப் பாதி, அவர் கை படவில்லையே என்று கிறீச்சிட்டு அழுபவை! தச்சு பாஸ்மார் பத்துப் பேர் கூடினால் எண்பத்தேழு விரல்தான் தேறும். நாற்பது வருடம் மேசைவாளோடு நின்ற இவருக்கோ பத்து! முழுதாகப் பத்து!

அவர் பட்டறையில் இருபது வருடம் வேலை செய்தேன். அது பட்டறையா? நீதிமன்றம்! "ஷிராஸ், வாளுக்கு நேரா நிக்காத, பக்கத்துக்கு வா. சின்னத் துண்டக் கையால தள்ளாத, குச்சியால தள்ளு. வாள் மூடியக் கழட்டாத." நாளொன்றுக்கு நாலாயிரம் தடவை! வெட்டிக்கொண்டிருப்பவனுக்குச் சலாம் சொல்லவும் தடை. வாள் சுற்றி ஓய்ந்த பிறகுதான் சலாம். பள்ளி ஹஸ்ரத்தே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"நானா, இவ்வளவு பயமெண்டா பூக்கடை போட்டிருக்கலாமே" என்று சிரித்தேன். ஒரு கீறலும் படாத மனிதர் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருடத்துக்கு முன், அவர் லுஹர் தொழப் போன நேரம், மூடியைக் கழற்றிவிட்டு வெட்டினேன். இதோ பாருங்கள், பாதி விரல்! த்ரீவீலரில் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர் அவர்தான்.

சென்ற வாரம் அவர் மௌத்தானதும், அடக்கத்துக்கு முன் உடலைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். விலா ஓரத்தில் ஒரு சாண் நீளத் தழும்பு! வாள் திருப்பி எறிந்த பலகை அடித்தது என்று தொழில்காரனுக்குத் தெரியாதா? குளிப்பாட்டியவன் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே அவர் மனைவி றம்லத் மைனியிடம் அனுமதி கேட்டேன்.

"சொல்லுங்க தம்பி" என்றார். "தொழில் தொடங்கின காலம், மூடி இல்லாம, வாளுக்கு நேரா நிண்டு வெட்டினவராம். தெரிஞ்சா யாரு வேல குடுப்பாங்க எண்டு வெக்கம். ஒங்கட விரல் போன அண்டு சோறே தின்னல்ல."

லாபிர் நானா! என்னை ஏமாற்றிவிட்டீர்களே! பத்து விரலைக் காட்டினீர்கள், சட்டைக்குள் இருந்ததை மறைத்தீர்கள்! நாலாயிரம் தடவை தடுத்த வாய், ஏன் என்று ஒரு தடவை சொல்லக் கூடாதா? பூக்கடை என்று நான் சிரித்தபோது அந்தச் சட்டையைச் சற்றுத் தூக்கியிருந்தால், இந்த விரல் இன்று முழுதாக மைக்கைப் பிடித்திருக்காதா? மன்னித்துவிட்டேன் என்று இந்தச் சபையில் பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்காகத் துஆவும் கேட்கிறேன். உங்கள் மேல் கோபமும் படுகிறேன்.

பட்டறையை மைனி என் பொறுப்பில் விட்டிருக்கிறார். மூடி வாளின் மேலேயே இருக்கும். குச்சி கைக்கு எட்டுமிடத்தில் தொங்கும். வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இந்தப் பாதி விரலைக் காட்டி, என் முட்டாள்தனத்தை என் வாயாலேயே சொல்வேன். நீங்கள் பட்ட வெட்கத்தை நான் படப்போவதில்லை.

இன்று பட்டறை பூட்டு, நானா. வாள் ஓடவில்லை. உங்கள் சட்டப்படியே சொல்கிறேன்.

அஸ்ஸலாமு அலைக்கும்.