வாசிக்கப்படாத மூன்று பகுதிகள்

நான் வாய் மூடி இருந்தது போதும். நான்கு ஆண்டுகள் இருந்தாயிற்று.

சபைத் தலைவர் சிதம்பரநாதன் அவர்களே, செயலாளர் முத்துவீரப்பன் அவர்களே, வாத்தியக் குழுவின் தோழர்களே, கணவரை இழந்து நிற்கும் வடிவம்மாள் அம்மையாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு அய்யாக்கண்ணுவின் இரங்கல் கூட்டத்தில் நான் பேசவேண்டிய உரை இது. முன்கூட்டியே காட்டச் சொன்னார் செயலாளர். காட்டினேன். 1932 என்று வந்த இடங்களையெல்லாம் நீலப் பென்சிலால் அடித்துத் திருப்பித் தந்தார். அடித்துத் தந்த உரையைப் பேச எனக்கு மனமில்லை. அடிபடாத முழு உரை இதோ.

யார் இந்த பேண்ட் மாஸ்டர் அய்யாக்கண்ணு? சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகன். ஒரு மணிலாக்காரரிடம் வயலின் கற்றவர். பகலில் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. மாலையில் நம் பதினான்கு பேருக்கும் ஆசான். அவர் வருமுன் நமக்கு என்ன தெரியும்? வேகமாக வாசித்தால் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தோம்.

ஒருநாள் குழுவையே நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அல்லெக்ரோன்னா ஓடுறதில்ல தம்பி. அது இத்தாலிக்காரன் வார்த்தை. சந்தோசம்னு அர்த்தம். நீங்க நாய் தொரத்துற மாரி வாசிக்கிறீங்க."

செல்லோ வாசிக்கும் சுப்பையா விடவில்லை. "அப்ப மெதுவா வாசிக்கிற அடாஜியோன்னா நாய் தூங்கிருச்சாண்ணே?"

"நாய் இல்லவே இல்லன்னு அர்த்தம்லா. பயப்படாம வாசி."

இப்படித்தான் எங்களுக்குப் பாடம் நடந்தது. ஹைடன் என்ற ஆஸ்திரிய மேதையின் கதையையும் அவர்தான் சொன்னார். பிரபு குடும்பத்தில் சீருடை அணிந்து ஊழியம் செய்துகொண்டே இசை எழுதியவர். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகள் தந்தவர். "யூனிபாரம் போட்ட ஆளு எழுதினதத்தான் இன்னிக்கு தொரைமாரு காசு குடுத்துக் கேக்குறான்" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

1932இல் ஹைடன் பிறந்து இருநூறு ஆண்டு. அவருடைய சிம்பொனி ஒன்றை நாம் வாசிப்பதென்று முடிவாயிற்று. சிம்பொனிக்குப் பெரும்பாலும் நான்கு பகுதிகள்: முதலாவது விரைவு, இரண்டாவது நிதானம், மூன்றாவது நடனத் தாளம், நான்காவது மீண்டும் விரைவு. பகுதிகளுக்கு இடையே சிறிது மௌனம் உண்டு. அது முடிவல்ல. அப்போது கைதட்டுவதில்லை. இதைத் தமிழில் விளக்கி, நான்கு பகுதிகளின் பெயரோடு நிகழ்ச்சி அட்டைக்கு அவரே எழுதிக் கொடுத்தார்.

அந்த அட்டை என்ன ஆயிற்று? பதினொரு பிரமுகர்களின் பெயர்களுக்கும் பட்டங்களுக்கும் இடம் போதவில்லை. செயலாளர் விளக்கத்தை வெட்டினார். பகுதிகளின் பெயர்களை வெட்டினார். கடைசியில் வாத்தியக் குழுத் தலைவரான அய்யாக்கண்ணுவின் பெயரையும் வெட்டினார். "ஆளுக்கு ஒரு பட்டம் இருக்கு. பாட்டுக்குத்தான் எடமில்ல" என்றார் சுப்பையா. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அட்டையை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தவனும் நான்தான்.

அன்று மாலை முதல் பகுதி முடிந்தது. மௌனம். அய்யாக்கண்ணு இரண்டாம் பகுதிக்குத் தாளம் காட்டும் கோலை உயர்த்தினார். தலைவர் அவர்களே, அப்போது நீங்கள், எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணி, ரோஜா மாலையோடு மேடையேறினீர்கள். பிரதம விருந்தினராக வந்த வெள்ளைக்காரருக்கு மாலையிட்டீர்கள். நன்றியுரையும் தொடங்கினீர்கள். இருபது நிமிடம் அய்யாக்கண்ணு அந்தக் கோலைக் கீழே வைக்கவே இல்லை. பிறகு நீங்கள் திரும்பிச் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அய்யாக்கண்ணு, ராஜகீதம் போடுங்க."

"இன்னும் மூணு பகுதி இருக்குங்கய்யா."

"மிச்சத்த அடுத்த மாசம் வெச்சுக்கலாம். தொர நிக்கிறாரு பாருங்க."

மன்னரை வாழ்த்தும் அந்த ராஜகீதம் ஒலித்தால் கூட்டம் முடிந்தது. அதற்குமேல் எவரும் எதையும் வாசிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். வாசித்தார்.

மறுநாள் ஓர் ஆங்கிலப் பத்திரிகை பாதி சிம்பொனி என்று கேலி செய்தது. உடனே சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் என்ன எழுதினீர்கள்? "முழுமையாகத் தயாராகாத இசையை மேடையேற்றிச் சபைக்கு அவமானம் தேடித் தந்தமையால், திரு. அய்யாக்கண்ணு பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்." கூட்டத்தில் நானும் இருந்தேன். அட்டையைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். துணைச் செயலாளர் பதவி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது, சொல்லவில்லை. பதவியும் வரவில்லை. உங்கள் மேல் எனக்கு அந்தக் கோபமும் உண்டு, மறைக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் வந்தார். பின் வரிசையில் உட்கார்ந்து, வேறொருவரின் கோலைப் பார்த்து இரண்டாம் வயலின் வாசித்தார். போன மாதம் மருத்துவமனையில் என்னைக் கேட்டார்: "அந்த ரெண்டாவது பகுதி... அடாஜியோ... நம்ம பசங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கா தம்பி?" இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வேன்?

ஞாயிறன்று நீங்கள் அவரை மாமேதை என்பீர்கள். படத்திறப்பு நடக்கும். மாலை விழும். புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருக்கும். அதை அடித்துவிட்டு நடந்ததை எழுதுங்கள். பிறகு மாலை போடுங்கள். பதினான்கு பேருக்கும் அவர் கையால் எழுதிய இசைத்தாள்கள் என் வீட்டில் இருக்கின்றன. எஞ்சிய மூன்று பகுதிகளையும் வாசிக்காமல் நாங்கள் ஓயமாட்டோம். சுப்பையாவிடம் பேசிவிட்டேன்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி எழுதி உறையில் போட்டுவிட்டேன். நாளை காலை தபாலில் சேர்ப்பேன். கையெழுத்துப் போடப்போவதில்லை. அட்டையை அச்சகத்துக்குக் கொண்டுபோனவன் யார் என்று உங்களுக்குத் தெரியும், நான் ஒளியவில்லை. அந்த அட்டையில் அவர் பெயர் இல்லை. இந்தத் தாளில் என் பெயரும் வேண்டாம்.