போட்டோ அட்டை

— அந்தப் பொட்டியில தேடாதீங்க அம்மணி. எழுபத்தஞ்சாம் வருசத்து அட்டைக இந்தச் சாக்குல கெடக்குது. ரங்கநாயகி, மாடி ரூமுதானுங்களே?

— பேரைக்கூட மறக்கலையா ராசாத்தாக்கா! கேட்டுல உக்காந்து என்ன மெரட்டு மெரட்டுனீங்க.

— மெரட்டாட்டி பொம்பளப் புள்ளைக காலேஜ நடத்த முடியுங்களா? இனி ஆருக்கு வேணும்? வர்ற ஜூன்ல பசங்களையும் சேக்கறாங்க, ஆஸ்டல இடிக்கறாங்க. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா இதெல்லாம் அடுப்புக்குள்ள போயிருக்கும். இந்தாங்க. உங்கப்பா படந்தானுங்களே?

— இது எங்க சித்தப்பாங்க்கா. என்னைய இங்க சேத்தி உட்டவரு.

— அப்பான்னு எழுதியிருக்குது?

— நான்தான் எழுதுனேன். எல்லாரு அப்பனும் கார்ல வந்தாங்க. எங்கப்பா லட்சுமணசாமி கருமத்தம்பட்டியில தறி ஓட்டுனவரு. போன மாசந்தான் காரியம் முடிஞ்சுது. அக்கா, அவரு இங்க வந்து இந்தப் படத்தப் பாத்தாரா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். "தறிய உட்டுப்போட்டு வர முடியல கண்ணு"ன்னே சொல்லுவாரு. வரவேயில்லைன்னு நானும் மனசத் தேத்திக்கிட்டேன்.

— அதுக்கு ஒரு மொறை இருந்துதுங்க. ஞாயித்துக்கெழமை வாரவங்க மூஞ்சியையும் அட்டையையும் வெச்சுப் பாப்பேன். சரியா இருந்தா மணியடிச்சு உங்களக் கூப்புடுவேன். இல்லைன்னா கேட்டுக்கு வெளியவே நிறுத்திப்போடுவேன்...

— மொறை கெடக்கட்டுங்க்கா. வந்தாரா?

— தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். காது கொஞ்சம் மந்தம். அவருங்களா?

— அவரேதான்.

— வந்தாருங்க. "நான் புள்ளையோட அப்பன்"னாரு. "ஏய்யா, அப்பன் இவரு, நீ ஆரு?"ன்னு அட்டைய மூஞ்சிக்கு நேரா காட்டிப்போட்டேன். பாவி நான்.

— பாத்துட்டு என்ன சொன்னாரு?

— அட்டையக் கையில வாங்கிக் கிட்டக்க வெச்சுப் பாத்தாருங்க. அப்பறம் சிரிச்சாரு. "ஆமாங்க, இவருதான் அப்பா. நான் அவுங்க ஊட்டு வேலையாளு, வாய் தவறிப்போச்சு. புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க"ன்னாரு. நானும் நம்பிட்டேன். வேலையாளுக்கு அட்டை வேண்டாமுங்க, கொண்டாந்த பண்டத்தக் கேட்டுல குடுத்துப்போட்டுப் போயிரலாம்.

— பண்டமா? மாசாமாசம் வந்த எள்ளுருண்டை டப்பாவா? ஊட்டு வேலையாளு கொண்டாந்தாருன்னு நீங்க சொன்னீங்க, சித்தப்பா அனுப்புனதுன்னு நெனச்சு நானும் தின்னேனே!

— அவரு சொல்லச் சொன்னதத்தானுங்க அம்மணி சொன்னேன். டப்பாவக் குடுத்ததும் போகமாட்டாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிக்கறவராட்ட நிப்பாரு. நீங்க எறங்கி வந்து டப்பாவ எடுத்துக்கிட்டுப் படியேறுன பொறகுதான் போவாரு. மூணு வருசமும், ஒரு மாசந் தவறாம.