தட்டை அடியா, கூர் அடியா?

தங்கராசு: ...இல்ல சௌந்தரம், நீயே தட்டிப் பாரு. இது டங்குங்குது. அது டொங்குங்குது.

சௌந்தரம்: வந்ததுலேருந்து தட்டிக்கிட்டே இருக்கீங்க. இட்லிப் பானையா வாங்க வந்தோம்? படகுங்க!

தேவசகாயம்: சார், ரெண்டும் என் பட்டறையில செஞ்சதுதான். ஒரே அலுமினியத் தகடு, ஒரே நீளம். இதுக்கு அடி தட்டை, ஆடாது. அதுக்கு அடி கூரு, வேகமா போவும். அவ்ளோதான் வித்தியாசம்.

தங்கராசு: அவ்ளோதானா! குடும்பத்தோட மீன் புடிக்கப் போற படகு. யோசிக்க வேணாமா?

சௌந்தரம்: பொங்கலுக்கு பெண்ணாடத்துலேருந்து என் தம்பி புள்ளைங்களோட வரான். 'மச்சான், கிள்ளை உப்பங்கழில நானே படகு ஓட்டிக் காட்டுறேன்'னு போன்ல அளந்தது யாரு?

தங்கராசு: நான்தான். இப்ப யாரு மாட்டேன்னா?

தேவசகாயம்: பேசாம ரெண்டுலயும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க சார். உப்பனாறு இதோ பின்னாடியே ஓடுது. ஏறி ஒக்காந்தா தெரிஞ்சிடும்.

தங்கராசு: ...இப்பவா?

தேவசகாயம்: இப்பவேதான்.

தங்கராசு: சட்டை நனைஞ்சிடுமே...

சௌந்தரம்: கறுப்புச் சட்டைதானே, நனைஞ்சாலும் தெரியாது. ஏறுங்க.

தங்கராசு: இல்ல... அது வந்து... பத்தரை வரைக்கும் ராகு காலம்.

சௌந்தரம்: என்னாது?

தேவசகாயம்: சார்! சாமியே இல்லைன்னு மேடை போட்டுப் பேசுறவரு நீங்க!

தங்கராசு: உங்க வேதத்துல ராகு காலம் கெடையாது தேவசகாயம். நீங்க இதுல வராதீங்க.

தேவசகாயம்: உங்களுக்கும் கெடையாதுன்னுதான் சார் இவ்ளோ நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

சௌந்தரம்: நம்ம கல்யாணத்தையே வேணும்னு ராகு காலத்துல வெச்சீங்க! எங்கம்மா பந்தியில ஒக்காராம அழுதுச்சி!

தங்கராசு: அது கொள்கை. இது தண்ணி.

சௌந்தரம்: பத்தரைன்னு மட்டும் எப்படித் தெரியும் உங்களுக்கு?

தங்கராசு: சனிக்கிழமை ஒம்பதுலேருந்து பத்தரை. எதிராளியப் பத்தித் தெரிஞ்சி வெச்சிக்கணும்ல?

தேவசகாயம்: சரி சார், பத்தரைக்கு மேல ஏறுவோம்.

தங்கராசு: அப்புறம் ஒன்றரைக்கு எமகண்டம் வந்துடுமே...

சௌந்தரம்: ஒரு சுத்து போய் வரதுக்கு அவ்ளோ நேரமா? அந்தமானுக்கா போறோம்?

தேவசகாயம்: நான் போயி டீ சொல்லிட்டு வரேம்மா. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க.

சௌந்தரம்: ...அவரு போயிட்டாரு. இப்ப சொல்லுங்க.

தங்கராசு: என்னாத்த சொல்ல?

சௌந்தரம்: பொண்ணு பாக்க வந்தப்ப, வெள்ளாத்த இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நீஞ்சிப் போனேன்னு சொன்னீங்களே...

தங்கராசு: சொன்னேன்.

சௌந்தரம்: போனீங்களா?

தங்கராசு: போனேன்... சித்திரை மாசம்.

சௌந்தரம்: சித்திரையில வெள்ளாத்துல ஏது தண்ணி?

தங்கராசு: அதான்... நடந்தே போயிட்டேன். மெதுவாப் பேசு! எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல தண்ணி வந்தாலே பயம். சுனாமிக்கு அப்புறம் இன்னும் ஜாஸ்தி. உன் தம்பிகிட்ட சொல்லிடாத, மானம் போயிடும். ரெண்டு படகும் வேணாம் சௌந்தரம், ஊட்டுக்குப் போயிடலாம்.

சௌந்தரம்: சில்வர் பீச்சுல அலை வந்தப்ப என்னையும் கொழந்தையையும் விட்டுட்டு ஐஸ் வண்டி வரைக்கும் ஓடுனீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரியும். கூரு அடியே வாங்குங்க, வேகமா போலாம். நீங்க நடுவுல பலகையப் புடிச்சிக்கிட்டு ஒக்காருங்க, தம்பிகிட்ட நான் வாயே தொறக்க மாட்டேன். விழுந்தாலும் பயப்படாதீங்க... மகளிர் குழு கூட்டம்னு சொல்லிட்டு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் போனது எங்கன்னு நெனச்சீங்க? உங்களக் கரைக்கு இழுத்துட்டு வர ஒரு ஆளு வேணுமேன்னு, நீச்சல் கத்துக்கத்தாங்க!