முப்பத்தொன்றாம் எண்

மணி மூன்று. ராத்திரி மூன்று இல்லை, மத்தியானம் மூன்று. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

கீலுங் மலைப்பாதையில் விடாத மழை. வழியில் ஒரு வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. ஏழாம் மாதம் வேறு, செத்தவர்கள் திரும்பி வருகிற மாதம். கீழே வீட்டுக்கு வீடு படையல் மேசை, நனைந்த ஊதுபத்திப் புகை. அந்தப் பாதையில் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டிருந்தான் லியாவ். என் சிநேகிதி சியூ-ஃபங்குக்கு அக்கா மகன். வீடுகளில் இணையம் கெட்டுப்போனால் சரிசெய்து கொடுப்பது அவன் பிழைப்பு.

பாதை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. கதவைத் திறந்தவள் கோ குடும்பத்து அம்மாள். கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"வாங்க மாஸ்டர். நாலு மணிக்குள்ள முடிச்சுடுவீங்கல்ல?"

"என்ன தொல்லை, அக்கா?"

"எங்க வீட்டுக்காரரு கப்பல்ல எஞ்சின் பாக்குறாரு. இன்னிக்கு பூசான் துறைமுகத்துல நிக்கிறாங்க. அஞ்சு மணிக்குக் கிளம்பினா இருபத்தி ரெண்டு நாள் நடுக்கடல். நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் பொண்ணோட பேசணும்."

"போன்ல பேசலாமே?"

"போன்ல ஒரு வார்த்தை பேச மாட்டா. அப்பாவும் பொண்ணும் அந்த டிவி விளையாட்டுக்குள்ள உக்காந்து மீன் பிடிச்சுக்கிட்டேதான் பேசுவாங்க. போன ரெண்டு தடவையும் சேர முடியல. அன்னிக்கெல்லாம் சாப்பிடவே இல்ல இவ."

'இவ' என்பது டிவிக்கு முன்னால் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த யூன்-ட்சிங். ஒன்பது வயது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்கு முன்னாடி வந்த மாமா, ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும்னாரு. நீங்களும் அதைத்தான் சொல்லப் போறீங்க."

"நான் ரெண்டு தடவை அணைச்சுப் போடுவேன்," என்றான் லியாவ்.

அவள் சிரிக்கவில்லை.

ரவுட்டர் மேல் பச்சைப் பொட்டலம் இருந்தது, சோளப் பொரி. இயந்திரம் அடங்கி நடக்கட்டும் என்று இந்த ஊரில் நாம் எல்லாரும் வைப்பதுதானே. லியாவ் அதைத் திருப்பிப் பார்த்தான். தேதி போன மாதமே முடிந்திருந்தது.

"அக்கா, இதை மாத்தாம பெட்டியைத் தொடக்கூடாது. எங்க ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க."

"கடைக்குப் போக மலை இறங்கணும் மாஸ்டர். மணியைப் பாருங்க."

மூன்று இருபது. அவன் பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தான். தொட்டான்.

கோளாறு பெரிதாக ஒன்றும் இல்லை. டிவியில் மாட்டிய விளையாட்டுப் பெட்டிக்கு இணையம் வருகிறது, ஆனால் வெளியாட்களோடு சேர முடியவில்லை. கம்பெனிக்காரன் மாட்டிய பெட்டி ஒன்று, அதற்குப் பின்னால் இவர்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று. இரண்டும் தனித்தனியே காவல் காத்தால் உள்ளே எவன் வருவான்? முதல் பெட்டியின் காவலை எடுத்துவிட்டான். டிக்... விளக்குகள் அணைந்து எரிந்தன. சோதித்தான். சேரவில்லை.

மூன்று ஐம்பது. சிறுமி நகத்தைக் கடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

இனி ஒரே வழி. விளையாட்டுப் பெட்டிக்கு மட்டும் எல்லாத் தடையையும் நீக்கிவிட வேண்டும். வெளியிலிருந்து எது வந்தாலும் கேள்வி இல்லாமல் நேராக அதனிடம் போகும். அதற்கு அந்தப் பெட்டியின் எண் வேண்டும். ரவுட்டரின் பட்டியலைத் திறந்தான். அம்மாளின் போன், டிவி... பெயர் இல்லாமல் இரண்டு. ஒன்று பன்னிரண்டு, இன்னொன்று முப்பத்தொன்று.

எது? பெட்டியை எழுப்பி, அதன் திரையிலேயே பார்ப்பதுதான் முறை. அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். லியாவ் குறுக்கு வழி பார்த்தான். பன்னிரண்டுக்கு அலை மூன்று கோடு. முப்பத்தொன்றுக்கு முழுசாக ஐந்து. விளையாட்டுப் பெட்டி ரவுட்டரிலிருந்து நான்கு தப்படி தூரம். அதைவிடப் பக்கத்தில் அந்த அறையில் வேறொன்றும் இல்லை. ஆக, முப்பத்தொன்றுதான்.

அழுத்தினான்.

ரவுட்டர் எப்போதும் சூடாகத்தான் இருக்கும், உங்களுக்கே தெரியும். அதன் மேல் வைத்திருந்த கை சில்லிட்டது, ஐஸ் போட்ட மீன் பெட்டிக்குள் விட்டதுபோல. ஈரக் கயிற்று நாற்றம் ஒன்று எழுந்து... போய்விட்டது. மழை வாடை என்று நினைத்துக்கொண்டான்.

"வந்துட்டாரு," என்றாள் யூன்-ட்சிங். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"குரல் தெளிவா கேக்குதா பாப்பா?"

"ம். ரொம்பப் பக்கத்துல கேக்குது."

அம்மாள் அவன் கையில் நான்கு கொய்யாப்பழத்தைத் திணித்தாள். கண் கலங்கியிருந்தது.

மலையடிவாரத்தில் நூடுல்ஸ் கடை. கிண்ணம் வந்ததும், கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய படங்களைப் போனில் புரட்டினான். வேலை முடிந்ததும் டிவி திரையை ஒரு படம் எடுப்பது வழக்கம். அவசரத்தில் அவன் பார்க்காமல் விட்ட விளையாட்டுப் பெட்டியின் எண் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

பன்னிரண்டு.

லியாவ் குச்சியைக் கீழே வைத்தான். தடையை எடுத்துவிட்டது முப்பத்தொன்றுக்கு. அப்படியானால் விளையாட்டுப் பெட்டி சேர்ந்திருக்கவே கூடாது. முப்பத்தொன்று... அது என்ன? ரவுட்டருக்கு அத்தனை பக்கத்தில், பெட்டியைவிடப் பக்கத்தில்... அவன் நின்ற இடம்தான் அது. அவனுடைய கருவியோ வயரில் மாட்டியிருந்தது, அலையில் இல்லை.

போன் போட்டான். மணி நாலரை.

"அக்கா, ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். ரவுட்டரோட வயரைக் கொஞ்சம் பிடுங்கிடுங்க. இப்பவே."

"அவ பேசிக்கிட்டிருக்காளே, மாஸ்டர். இன்னும் அரை மணி நேரம்..."

"பிடுங்குங்கக்கா. நான் மேல வந்து திரும்பப் போட்டுத் தர்றேன்."

செருப்புச் சத்தம் போனது, திரும்பி வந்தது.

"பிடுங்கிட்டேன். விளக்கெல்லாம் அணைஞ்சிடுச்சு."

"பாப்பா அழுவுறாளா?"



"இல்ல," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பேசிக்கிட்டுதான் இருக்கா."

"டிவியில?"

"டிவி கறுப்பா இருக்கு, மாஸ்டர்."

அப்போது அங்கே சமையலறையில் பழைய தொலைபேசி அடித்தது. லியாவுக்கு இங்கே வரை கேட்டது. அம்மாள் அதை எடுத்தாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல் கத்திக் கத்திப் பேசியது.

"...புயல்னு மதியமே கிளப்பிட்டாங்க. வெளிய வந்துட்டோம், நெட்டு சுத்தமா இல்ல. இந்தச் செயற்கைக்கோள் போனுக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. பொண்ணைக் கூப்பிடு, சீக்கிரம்... காத்துக்கிட்டே உக்காந்திருப்பா."

லியாவ் எழுந்து நின்றிருந்தான். கிண்ணத்தில் ஆவி அடங்கிவிட்டது.

"யூன்-ட்சிங்..." அம்மாள் கூப்பிட்டாள். "இங்க வா. அப்பா போன்ல இருக்காரு."

முன்னறையிலிருந்து சிறுமியின் குரல் வந்தது. அவசரமே இல்லாமல், கொஞ்சம் அலுப்போடு.

"சும்மா இரும்மா. அப்பா இங்கதான் உக்காந்திருக்காரு."

பிறகு யாரோ அவள் காதில் ஏதோ சொன்னதுபோல ஒரு சின்ன மௌனம்.

"போன்ல யாருன்னு அப்பா கேக்குறாரு."