நூற்றுக்கு நூறு பழுப்பு

வெற்றி விழாவுக்கு வீற்றிருந்து தலைமை தாங்கும் எங்கள் ஆய்வகத் தலைவர் அவர்களே! ஆய்வறையை எட்டிக்கூடப் பார்க்காமல் எங்களை வாழ்த்த வந்திருக்கும் பெரியோர்களே! முடிவுத் தாளுக்காக நடைவழிப் பெஞ்சில் காத்திருந்து கால் வீங்கிய தாய்மார்களே! திசுவைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றும் இந்த ஆய்வகப் பணியாளரின் வணக்கம்.

எதற்கு இந்த விழா? ஒரு குப்பிக்கு! அதற்குள் இருப்பது எதிர்ப்புரதம். அழற்சியைக் கிளப்பிவிடும் வெள்ளணுவின் மேல் பூட்டு மாதிரி ஒரு புரதம், அதாவது ஓர் ஏற்பி, உண்டு. எதிர்ப்புரதம் அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். சாயமிட்டால் அந்த இடம் பழுப்பாகும். பழுப்பைக் கண்டால் மருத்துவர் அந்த அணுவை அடக்கும் ஊசியை எழுதுவார்.

நூறு பேரின் திசுவைப் பார்த்தோம். எத்தனை பழுப்பு? நூறும் பழுப்பு! கை தட்டுங்கள், கூச்சப்படாதீர்கள். குடல் பழுத்தது, தோல் பழுத்தது, வழுக்கி விழுந்தவரின் முழங்காலும் பழுத்தது! காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். நம் தலைவர் கண்ணுக்குக் கண்டதெல்லாம் பழுப்பு. மற்ற ஆய்வகங்கள் முப்பதைத் தாண்டாதபோது நாம் நூறைத் தொட்டோமே, சந்தேகம் வர வேண்டாமா? வந்தது கேடயம்.

போன வாரம் நான் ஒரு துரோகம் செய்தேன். ஒரு கண்ணாடியில் மட்டும் எதிர்ப்புரதத்தைச் சேர்க்காமல் மற்ற வேலையெல்லாம் செய்தேன். ஒட்ட ஆளே இல்லாத திசு வெளுத்திருக்க வேண்டும் அல்லவா? அதுவும் பழுப்பு! திசுவிலேயே இருக்கும் ஒரு நொதி சாயத்தைத் தானே பழுப்பாக்கும். அதை அடக்க முதலில் பத்து நிமிடம் கரைசலில் ஊறவைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம்பிடிக்கச் சொன்னவர் தலைவர். தலையாட்டியவள் நான்.

கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதையெல்லாம் யாரும்மா செய்யச் சொன்னது? விழா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

ஐயா இப்போது கடிகாரத்தைக் காட்டுகிறார். பத்து நிமிடத்தின் அருமை அவருக்குத்தானே தெரியும்!

மூன்றாம் வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் அமர்ந்திருக்கிறார். இந்தக் குப்பியால் வாழ்வு பெறப்போகும் முதல் மனிதர் என்று காட்டுவதற்காக அழைத்து வந்தோம். நாளைக் காலை அவருக்கு ஊசி. அந்த ஏற்பி அவர் உடம்பில் மிகுந்திருக்கிறதா? எனக்குத் தெரியாது. தலைவருக்கும் தெரியாது. தெரியாமல் போட்டால், நோயைத் தடுத்து நிற்கும் அவர் படையை நாமே கலைத்து அனுப்புவோம். வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்து, "நல்லாயிடுவாருல்ல அக்கா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் இந்த மேடையிலேயே சொல்கிறேன். அண்ணே, நாளைக்கு ஊசி போட்டுக்காதீங்க. உங்க திசு கொஞ்சம் மிச்சம் இருக்கு. காலையில நானே பத்து நிமிஷம் ஊறவச்சு, மறுபடி பார்த்துச் சொல்றேன்.

கேடயத்தை ஐயாவே வைத்துக்கொள்ளட்டும். அதுவும் பழுப்புதான். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சைகை வந்த பிறகும் மைக்கை நிறுத்தாத அந்தத் தம்பிக்கும் நன்றி. வணக்கம்.