பத்தொம்பதாம் நாள் எறங்குன கோழி

இல்லக்கா, பேன் இல்ல. ரெக்கையத் தூக்கிப் பாத்துட்டேன். பாம்பும் இல்ல. ருக்குமணியக்கா, ஒங்களுக்குத்தான் கோழி வைத்தியம் தெரியும்னு மழையில ஓடியாந்தேன். பக்கத்து வீடுதானே, குடை எதுக்கு?

கையில சேறா? அது கெடக்கட்டும் லா.

அடை வச்சு இன்னிக்குப் பத்தொம்பது நாளு. பதினோரு முட்டை. இடி இடிச்சா கரு கலங்கிடும்னு கரித்துண்டு, இரும்பாணி எல்லாம் கூடையில போட்டுத்தான் வச்சேன். என்னமா உக்காந்திருந்துச்சு தெரியுமா! தீனிக்கு ஒரு தடவ எறங்கும், அஞ்சே நிமிசம், திரும்ப ஓடிரும். கிட்டப் போனா கொத்திப் புடுங்கிரும். இந்தா, இந்தக் காயம் அது பண்ணதுதான்.

இன்னிக்குக் காலையில நான் கொழுந்தெடுக்கப் போறப்ப எறங்கி நின்னுச்சு. மழைன்னு மத்தியானமே நம்மள வீட்டுக்கு அனுப்பிட்டாங்கல்ல, வந்து பாத்தா இன்னும் வேலி மேலயே நிக்குது. முட்டை சில்லுன்னு கெடக்கு. புடிச்சு உக்கார வச்சேன், கத்திக்கிட்டுப் பறக்குது. மேல ஒரு கூடையக் கவுத்து, சாக்கப் போட்டு இருட்டாக்கினேன். அதையும் தள்ளிட்டு வெளிய வந்துருச்சுக்கா.

வேற எடத்துலயா? வச்சுப் பாத்தேனே. அடுப்புப் பக்கத்துல வச்சதும் பேசாம உக்காந்துருச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. கோழிக்கு ஒண்ணும் இல்லக்கா. அந்த எடந்தான்.

டீ வேணாம்க்கா, மொதல்ல இதக் கேளுங்க.

தீபாவளிக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு நம்ம லயத்து வீடுங்களுக்குப் பின்னாடி மேட்ட வெட்டித்தானே கோழிக்கூட்டுக்கு எடம் பண்ணாரு? தோட்டத்துத் துரைகிட்ட கேக்கல, ஆபீஸ் கிராணிகிட்டயும் சொல்லல. வெட்டுன எடத்துல ஒரு விரிசல் விட்டுச்சு. அன்னிக்கு அதுக்குள்ள என் சுண்டுவிரல் மட்டுந்தான் நொழைஞ்சுச்சு. யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு அது மேலதான் அடைக்கூடைய வச்சேன். அடைக்கோழிகிட்ட யாரு வருவா? நீங்களே தீட்டுப் பட்டுரும்னு எட்ட நின்னுதானே பாத்தீங்க.

தப்புதான்க்கா. அவருக்கு இன்னும் செவப்பு ஐசி, குடியுரிமை கெடைக்கல. வேலை போனா வீடும் போச்சு, எங்க போய் நிப்போம்? அந்தப் பயத்துல வாயத் தொறக்கல. திட்டுங்க, அப்பறமாத் திட்டுங்க. கோழின்னு சொல்லிட்டு வந்ததும் அதான். இத எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

திரும்பிப் போயி கூடை இருந்த எடத்தப் பாத்தேன். கீழ இருந்து செம்மண் தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு வருது. கைய விட்டேன். முழங்கை வரைக்கும் போயிருச்சு. இந்தச் சேறு அதுதான். மேடு சரியப் போவுதுக்கா.

அரிசி, துணி எதையும் எடுக்காதீங்க. அந்தப் பக்கத்துச் சரோஜா வீட்டுக்கு நான் ஓடுறேன், கிராணிகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். நீங்க மொதல்ல ஒங்க பொண்ணு ஜெயாவ எழுப்புங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்து பின் ரூம்புலதானே படுத்திருக்கா?