ரெண்டாவது கட்டத்துல ஒரு டிக்கு

...உக்காருங்கம்மா, மேனேஜர் வரட்டும்னா என்ன அர்த்தம்? நான் பத்து மணிக்கே வந்துட்டேன், தங்கச்சி. இந்த இரும்பு நாற்காலில உக்காந்து உக்காந்து அதுல இருக்கற ஓட்டையெல்லாம் என் முதுகுல பதிஞ்சிருச்சு. மேனேஜர் என்ன வெளிநாட்டுல இருந்தா வர்றாரு? அதோ, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து டீ குடிக்கறாரு. நான் பாக்கறேன். அவரும் பாக்கறாரு. பாத்துட்டு டீய இன்னும் மெதுவா குடிக்கறாரு!

நீ இப்படித் தள்ளி உக்காரு. கைப்புள்ளக்காரி, அங்க ஏசி நேரா மூஞ்சில அடிக்கும். பொண்ணா, பையனா? பொண்ணா... தூங்கட்டும் தூங்கட்டும். நான் மெதுவாத்தான் பேசுவேன்.

இந்தா, மிட்டாய் எடுத்துக்க. எடுத்துக்கன்னா! ஒரு டப்பா வாங்கிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு எங்க வீட்டுப் பத்திரத்தக் கையில வாங்கினதும் இங்க இருக்கறவங்களுக்கெல்லாம் ஆளுக்கொண்ணு குடுக்கலாம்னு. இனிமே யாருக்குக் குடுக்கறது? நீ ரெண்டா எடுத்துக்க.

உனக்கும் வீட்டுக் கடனா? சீட்டப் பாத்தாலே தெரியுதே, அந்தப் பச்சச் சீட்டு. தவணைக்கு மேல கொஞ்சம் சேத்துக் கட்டப்போறியா? சீக்கிரம் அடைக்கவா? அடியம்மா! உன் வீட்டுக்காரரும் ஆரம்பிச்சுட்டாரா? போச்சு போ. என்னையப் பாத்துக்க. ஒம்போது வருஷம் கழிச்சு நீ எப்படி இருப்பேன்னு தெரிஞ்சுக்க வேற கண்ணாடி வேணாம்.

எங்க வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டறாரு. பதினஞ்சு வருஷக் கடன். மூணு மாசத்துக்கு ஒரு தவணை கூடுதலாப் போட்டா ஒம்போது வருஷத்துல முடிஞ்சிரும்னு யாரோ சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். அன்னையில இருந்து எங்க வீட்டுல மனுசங்க யாரும் வாழல, கடன்தான் வாழ்ந்துச்சு. நாங்க அதுக்கு வேலைக்காரங்க. அந்தக் கூடத் தவணைக்காக வேன விட்டுட்டு வந்ததும் அவரு சாயங்காலம் பஸ் கழுவப் போயிருவாரு. நான் ரெண்டு வீட்டுத் துணிக்கு இஸ்திரி போடுவேன்.

பேஸ்ட் தீந்துபோனா தூக்கிப் போடுவாங்கல்ல? எங்க வீட்டுல கத்தரியால வெட்டி உள்ள இருக்கறத வழிச்சாகணும். என் பையனுக்கு முடி வெட்டறது அவங்கப்பாதான். எலி கடிச்ச மாதிரி தலையோட பள்ளிக்கூடம் போவான். வாத்தியாரே கேட்டாராம், யாருப்பா உனக்கு எதிரின்னு! பொண்ணுக்கு ஷூ வாங்கினா ரெண்டு அளவு பெருசா வாங்குவாரு. முதல் வருஷம் முன்னாடி பஞ்ச அடைச்சுக்கிட்டு நடப்பா. ரெண்டாவது வருஷம் சரியா இருக்கும். மூணாவது வருஷம் பின்னாடி வெட்டிவிட்டுச் செருப்புன்னு சொல்லிக்குவோம். ஃபிரிட்ஜ் கெட்டுப்போயி நாலு வருஷம். அதுக்குள்ள இஸ்திரித் துணி அடுக்கி வச்சிருக்கேன். என் நாத்தனார் வந்தா தண்ணி எடுக்கறேன்னு வேணும்னே அதத் தொறப்பா. தொறந்துட்டு, "அண்ணி, சேலையெல்லாம் ஜில்லுனு இருக்கா?"ம்பா. அவ வீட்டுல சோபா இருக்கு. அதுல இருக்கற பிளாஸ்டிக் கவர இன்னும் பிரிக்கல, அது வேற விஷயம்.

சிரிக்காத, புள்ள முழிச்சுக்கும்.

சமையக்கட்டுக் கதவு இருக்குல்ல, அதுக்குப் பின்னால சாக்பீஸ்ல கோடு போடுவாரு. ஒரு கூடத் தவணைக்கு ஒரு கோடு. முப்பத்தாறு கோடு ஆகணும். எங்க புள்ளைங்க அதுக்குக் கடன் கதவுன்னே பேரு வச்சிருச்சுங்க. நான் ஒருநாள் தெரியாம ஈரத்துணியால தொடச்சிட்டேன். ரெண்டு கோடு போயிருச்சு. சாமி! அன்னைக்கு அவரு நின்ன நிலையப் பாத்தா, நான் ரெண்டு தவணையவே அடுப்புல போட்டுட்டேன்னு நெனப்ப. கணக்குன்னா அவரு புலி. மனசுலயே போடுவாரு. ஆனா எழுத்து... எழுத்து அவ்வளவா வராது. பள்ளிக்கூடம் போகல பாவம். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. அதனால பேங்கு, கரண்டு பில்லு, பள்ளிக்கூடத்துக் காயிதம் எல்லாம் நம்ம பொறுப்பு. "வீட்டுல படிச்சவ அவதான்"னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாரு. எனக்கும்... அது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது.

நேத்து முப்பத்தாறாவது கோடு. இன்னைக்குப் பத்திரம். எங்க பொண்ணு காலையிலயே நாலு தட்டக் கழுவிக் கவுத்து வச்சிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனா. ஏன்னா இன்னைக்குச் சாயங்காலம் அவங்கப்பா பஸ் கழுவப் போக மாட்டாரு. வேலைய விட்டுட்டாரு. இப்ப அங்கதான் போயிருக்காரு, கணக்க முடிச்சு, மழைக்கோட்டையும் ரப்பர் பூட்ஸையும் திருப்பிக் குடுக்க. அந்தப் புள்ளைக்குப் பத்து வயசு. அவங்கப்பா ராத்திரி எங்களோட உக்காந்து சாப்பிட்டு அது பாத்ததே இல்ல. "அப்பா இடது பக்கம் உக்காருவாரா, வலது பக்கமா?"ன்னு என்னையக் கேக்குது. அவரு அங்கிருந்து அப்படியே ஒரு மணிக்கு இங்க வந்திர்றேன்னு சொல்லியிருக்காரு, ரெண்டு பேரும் சேந்து பத்திரம் வாங்கணுமாம்.

மணி என்ன? பன்னண்டு அம்பதா? அய்யய்யோ...

நான் வந்து பத்திரத்தக் குடுங்கன்னு கேட்டா, அந்த மூணாம் நம்பர் கவுன்ட்டர்ல கண்ணாடி போட்டவரு கம்ப்யூட்டரப் பாக்கறாரு, என்னையப் பாக்கறாரு, மறுபடி கம்ப்யூட்டரப் பாக்கறாரு. "இன்னும் மூணு வருஷம் இருக்கேம்மா"ங்கறாரு. மூணு வருஷம்! நாங்க பேஸ்ட்ட வெட்டித் தின்ன ஒம்போது வருஷத்தோட இன்னும் மூணு! நான் விடுவேனா? முப்பத்தாறு சீட்டு எண்ணி வச்சிருக்கேன், ஒவ்வொண்ணுலயும் உங்க முத்திரை இருக்கு, ஏழைன்னா ஏமாத்துவீங்களான்னு ஒரு பிடி பிடிச்சேன். வாசல்ல நிக்கற காவக்காரரு உள்ள வந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் மேனேஜர் வரட்டும்னு... உக்கார வச்சிருக்காங்க.

அந்தச் சுவத்துப் படத்தப் பாரு. அப்பா, அம்மா, ரெண்டு புள்ளைங்க, கையில சாவி, வாயெல்லாம் பல்லு. அந்தப் பல்லுக்கெல்லாம் பேஸ்ட் வெட்டினவங்க மாதிரியா தெரியுது? அந்த அம்மாக்காரி எங்க டிக்கு போட்டாளோ, மகராசி...

என்னது? ஒண்ணும் இல்ல, நீ எழுது. பேனா வேணுமா? கயித்துல கட்டியிருக்கறது எழுதாது, அது அழகுக்கு. இந்தா என்னோடது. டோக்கன் எத்தன? நாப்பத்தொண்ணா? இப்ப வந்திரும். எழுது எழுது. பேரு... கணக்கு நம்பர்... அழகா எழுதறியே...

ஏய் ஏய்! நில்லு! எங்க டிக்கு போடற?

எடு கைய. சொல்றேன்ல, எடு. இல்ல... அந்த ரெண்டாவது கட்டத்துல போடாத. அத யாரு போடச் சொன்னா? நீயாவா? ஏன்? ...தவணைன்னு எழுதியிருக்குன்னா.

அடிப்பாவி. அதேதான். அப்படியே அதேதான்.

கேளு. சீக்கிரம் சொல்றேன், கேளு. இந்தச் சீட்டுல ரெண்டு கட்டம் இருக்கு பாரு. மொதக் கட்டம், "அசலில் கழிக்கவும்". ரெண்டாவது, "வரும் தவணைக்கு வரவு வைக்கவும்". மொதல்ல போட்டாத்தான் கடன் குறையும், வட்டியும் குறையும். ரெண்டாவதுல போட்டா, அடுத்து கட்ட வேண்டியத இப்பவே கட்டின மாதிரி. கடன் அப்படியேதான் நிக்கும், வட்டியும் அப்படியே ஓடும். கண்ணாடிக்காரரு இத எனக்கு மூணு தடவ சொன்னாரு. மூணாவது தடவதான் எனக்குக் காது கேட்டுச்சு.

முப்பத்தாறு சீட்டு தங்கச்சி. முப்பத்தாறுலயும் ரெண்டாவது கட்டம். நான் போட்ட டிக்குதான். இந்தக் கைதான்.

மொதத் தடவ அந்தக் கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு கேட்டுச்சு, "எதுலம்மா போடணும்?"னு. நல்ல பொண்ணு, மரியாதையாத்தான் கேட்டுச்சு. எனக்குப் பின்னால ஏழெட்டுப் பேரு நிக்கறாங்க. அசல்னா என்னன்னு எனக்குத் தெரியல. தவணைன்னா தெரியும். தெரிஞ்ச வார்த்தைல ஒரு டிக்கு போட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பழைய சீட்டப் பாத்து அதே மாதிரி எழுதிட்டு வந்தேன். வருஷத்துக்கு ஒரு காயிதம் அனுப்புவாங்க. நான்தான் பிரிப்பேன். அவரு எதுக்க நின்னு என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாரு. நான் மேல இருந்து கீழ வரைக்கும் விரல ஓட்டி, தலைய ஆட்டி, "எல்லாம் சரியா இருக்குங்க"ம்பேன். அலமாரில பேப்பருக்கு அடியில வச்சிருவேன். படிச்சவ இல்ல? தலை ஆட்டத் தெரிஞ்ச படிப்பு!

எனக்குத் தெரியல. இந்த ரெண்டு வார்த்தை. எவ்வளவு நேரமா உன்கிட்ட லொடலொடன்னு பேசிட்டு இருக்கேன், இந்த வாயில அந்த ரெண்டு வார்த்தை ஒம்போது வருஷமா வரல. பேங்குக்காரங்க ஏமாத்திட்டாங்கன்னு அவருகிட்டச் சொல்லிரலாமான்னு பாத்தேன். பத்து மணியில இருந்து அதத்தான் கூட்டிக் கழிச்சிட்டு இருக்கேன். நம்பிருவாரு. நான் சொன்னா நம்பிருவாரு, அதான் கேடு.

நாப்பத்தொண்ணு! உன் நம்பர் வந்துருச்சு, போ போ. புள்ளையக் குடு, நான் வச்சுக்கறேன்... வேணாமா, சரி. பேனாவக் கொண்டு போறியே... போகட்டும், வச்சுக்க. கேளு, ஏய்! கேட்டுட்டு டிக்கு போடு!

...

பாரேன். போனதும் கேக்குது. "எனக்கு இது புரியல, எதுல போடணும்?"னு, தோள்ல புள்ளையப் போட்டுக்கிட்டு, இங்க வரைக்கும் கேக்கற மாதிரி. ஒருத்தரும் சிரிக்கல. காவக்காரரு கொட்டாவி விடறாரு. கண்ணாடிக்காரரு சீட்டத் திருப்பி வச்சு, விரலால காட்டிச் சொல்லிட்டு இருக்காரு. இவ்வளவுதானா? அட, இவ்வளவுதானா!

அய்யோ... வந்துட்டாரு. கல்யாணச் சட்டை போட்டுட்டு வந்திருக்காரு மனுசன். இழுன்னு எழுதியிருக்கற கதவப் போயித் தள்றாரு பாரு, தள்றாரு... இழுங்க! அய்யோ, இழுங்கன்னா!

வாங்க. பூட்ஸ குடுத்துட்டீங்களா? ...சரி. இல்லைங்க, வாங்கல. உக்காருங்க. மிட்டாய் அப்புறம். மொதல்ல உக்காருங்க, நான் சொல்றேன்.

எனக்குத் தெரியலங்க.